வேலை தேடுபவரிடம் இன்னும் எத்தனை தடவை ‘முயற்சி செய்’ என்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வேலைவாய்ப்புப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களில் நானும் ஒருவர். விளம்பரங்களைவிட அதன் ஓரத்தில் வரும் அறிவுரைகளைத்தான் அதிகம் படிப்பேன், அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். யார் எழுதினாலும் சாரம் ஒன்றாகவே இருக்கிறது: மனம் தளராதீர்கள், தொடர்ந்து விண்ணப்பியுங்கள், தன்னம்பிக்கையோடு பேசுங்கள், நேர்காணலுக்கு நேரத்தோடு போய்ச் சேருங்கள். எதுவும் தப்பில்லை. ஆனால் மாதக்கணக்காக விண்ணப்பம் போட்டுப் போட்டு ஒரு பதில்கூட வராமல் உட்கார்ந்திருக்கிறவரிடம் போய் இன்னும் கொஞ்சம் போடு என்று சொன்னால் அவர் என்ன செய்வார், போடுவார், அதே காகிதத்தை அதே மாதிரி இடங்களுக்கு, அதே பலன்தான் வரும்.

ஆள் எடுக்கிற மேஜையின் இரண்டு பக்கமும் நான் உட்கார்ந்திருக்கிறேன். வேலை போய்த் தேடியிருக்கிறேன், பிறகு ஒரு கட்டத்தில் மற்றவர்களின் விண்ணப்பங்களை அடுக்கிவைத்துப் பார்க்கிற இடத்திலும் இருந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், பெரும்பாலானவர்களிடம் உழைப்புக்குக் குறைவில்லை, தாங்கள் தீர்க்க வேண்டிய சிக்கல் எது என்பதில்தான் குழம்பிப்போகிறார்கள். படைப்பூக்கம், புதுமையான சிந்தனை என்றெல்லாம் உங்கள் பக்கத்திலேயே எழுதுகிறீர்களே, அது கலைஞர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் மட்டும் ஆன சமாச்சாரம் மாதிரி. வேலை தேடுகிறவருக்குத்தான் அது உடனடித் தேவை.

இதற்கென்று ஒரு முறையே இருக்கிறது, திடீரென்று மண்டையில் மின்னல் அடிக்கும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. விளம்பரத் துறையில் பெரிய நிறுவனம் ஒன்றை நடத்திய அலெக்ஸ் ஆஸ்போர்ன் என்ற அமெரிக்கர் 1940களிலும் 50களிலும் இதை ஒழுங்குபடுத்தினார், சிட்னி பார்ன்ஸ் அதை வகுப்பறைக்குக் கொண்டுபோனார். பலர் சேர்ந்து உட்கார்ந்து யோசனைகளைக் கொட்டுவதை மூளைப்புயல் என்று இன்று எல்லா அலுவலகங்களிலும் சொல்கிறார்களே, அது ஆஸ்போர்ன் போட்ட விதைதான். அவர் சொன்னதில் முக்கியமானது ஒன்று: யோசனைகளைக் கொட்டுகிற நேரமும் அவற்றை எடைபோடுகிற நேரமும் ஒன்றாக இருக்கக் கூடாது. நாம் என்ன செய்கிறோம்? ஒரு யோசனை எழும்போதே ‘அது நமக்கு ஒத்துவராது’ என்று அடுத்த நொடியே அதன் கழுத்தைத் திருகிவிடுகிறோம். ஆனால் அதற்கும் முன்னால் ஒரு படி இருக்கிறது, அதை எல்லாரும் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். கேள்வியைச் சரியாகக் கேட்பது.

‘எனக்கு ஏன் வேலை கிடைக்கவில்லை?’ என்பது பெருமூச்சு. அதற்குப் பதில் சொல்ல முடியாது. சொன்னாலும் ‘என் ராசி’, ‘சிபாரிசு இல்லை’, ‘வயசாகிவிட்டது’ என்றுதான் வரும், அதை வைத்துக்கொண்டு நாளைக் காலையில் செய்வதற்கு ஒன்றும் கிடையாது. அந்த முறையில் பழகியவர்கள் கேள்வியை ‘எந்தெந்த வழிகளில் என்னால் இதைச் செய்ய முடியும்?’ என்று திருப்பிப் போடுவார்கள். அப்படித் திருப்ப வேண்டும் என்றால் முதலில் எந்த இடத்தில் அடைபட்டிருக்கிறது என்று தெரிய வேண்டும். விண்ணப்பித்தால் அழைப்பே வருவதில்லையா? அப்படியானால் சிக்கல் காகிதத்திலோ, விண்ணப்பிக்கும் இடத்திலோ, தேடுகிற பெயரிலோ இருக்கிறது. அழைப்பு வருகிறது, முதல் சுற்றோடு நின்றுபோகிறதா? பேசுகிற விதத்தையோ அடிப்படைத் திறமையையோ பார்க்க வேண்டும். கடைசிச் சுற்று வரை போய்ப் போய்த் திரும்புகிறீர்களா? உங்கள் தகுதியில் யாருக்கும் சந்தேகம் இல்லை, வேறு ஏதோ ஒன்று, சம்பள எதிர்பார்ப்பாக இருக்கலாம், ‘இவர் நிலைப்பாரா’ என்ற தயக்கமாக இருக்கலாம், அல்லது ஒவ்வொரு முறையும் இன்னொருவர் ஒரு படி மேலே இருந்திருக்கலாம். இந்த மூன்று பேருக்கும் ஒரே அறிவுரையைக் கொடுத்தால் இரண்டு பேருக்காவது அது வீண்.

என் சித்தி மகளின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், அவளிடம் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் சில வருடம் இருந்தாள், குழந்தை பிறந்தபின் விட்டாள், திரும்பத் தேட ஆரம்பித்தபோது ஒரு அழைப்பும் இல்லை. அவள் என்ன செய்தாள் தெரியுமா, நேர்காணல் பயிற்சி வகுப்பில் சேர்ந்தாள். கூடவே சரளமாக ஆங்கிலம் பேசும் பயிற்சி. யாரும் நேர்காணலுக்கே கூப்பிடாதபோது நேர்காணலுக்குத் தயாராகிறாள்! கேட்டால், ‘ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டாமா அண்ணா’ என்றாள். அந்த ஏதாவதில்தான் மாதங்கள் போய்விடுகின்றன.

அவளுடைய சுயவிவரத்தை எடுத்துப் பார்த்தேன். ‘கொள்முதல் பில்களைச் சரிபார்த்தல், மாதாந்திர அறிக்கை தயாரித்தல், மேலதிகாரிகளுக்கு உதவுதல்.’ இந்த மூன்று வரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம். சரி, உட்கார்ந்து ஒரு நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை என்ன செய்வாய் என்று சொல், என்றேன். முதலில் ‘அதான், பில் பார்ப்பேன்’ என்றாள். பார்த்து என்ன செய்வாய்? ‘டபுள் பிடிப்பேன்.’ அது என்ன டபுள்?

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. சப்ளையர் ஒரே இன்வாய்ஸை இரண்டு தடவை அனுப்பிவிடுவார், முதலில் ஒரு தடவை, பணம் வரவில்லையே என்று நினைவூட்டும்போது இன்னொரு தடவை. ஒரு ஊழியர் எண்ணைச் சாய்கோட்டோடு பதிவார், இன்னொருவர் சாய்கோடு இல்லாமல் பதிவார். கம்ப்யூட்டருக்கு அவை இரண்டு வெவ்வேறு பில்கள், இரண்டுக்கும் பணம் போய்விடும். இவள் மாதக் கடைசியில் மொத்தப் பட்டியலையும் எக்செல்லில் இறக்கி, எண்களில் இருக்கும் கோடு, புள்ளி, இடைவெளி எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, சப்ளையர் பெயர் வாரியாகவும் தொகை வாரியாகவும் அடுக்குவாளாம். அடுத்தடுத்த வரிசையில் ஒரே தொகை வந்தால் நின்று பார்ப்பாளாம். இப்படிப் பிடித்த பணம் கொஞ்சநஞ்சம் இல்லை. இதை ஏன் சுயவிவரத்தில் எழுதவில்லை என்றால், ‘இதெல்லாம் ஒரு வேலையா, எல்லாரும் செய்வதுதானே’ என்கிறாள். எல்லாரும் செய்தால் அந்தப் பணம் ஏன் இரண்டு தடவை போயிருக்கும்?

இந்த இடத்தில் ஒரு பழைய சோதனை ஞாபகம் வருகிறது. கார்ல் டுங்கர் என்ற உளவியலாளர் செய்தது, அவர் எழுதியது ஆங்கிலத்தில் 1945இல் வெளிவந்தது. ஒரு மெழுகுவர்த்தி, ஒரு தீப்பெட்டி, அட்டைப்பெட்டி நிறைய குண்டூசி மாதிரியான ஆணிகள். மெழுகு கீழே சொட்டாதபடி மெழுகுவர்த்தியைச் சுவரில் நிறுத்த வேண்டும். பலரும் மெழுகுவர்த்தியையே சுவரில் குத்தப் பார்ப்பார்கள், மெழுகை உருக்கி ஒட்டப் பார்ப்பார்கள். விடை எளிது: ஆணிகளைக் கொட்டிவிட்டுக் காலிப் பெட்டியைச் சுவரில் அடித்து அதன்மேல் வைத்தால் போதும். அதே ஆணிகளை வெளியே கொட்டி, பெட்டியைக் காலியாகத் தனியாக வைத்துக் கொடுத்தபோது அதிகம் பேர் விடையைக் கண்டுபிடித்தார்கள். ஆணிகள் உள்ளே இருக்கும்வரை அது ‘ஆணிப் பெட்டி’, வேறொன்றாகக் கண்ணுக்குப் படாது.

நம் பட்டமும் பதவிப் பெயரும் இதே வேலையைத்தான் செய்கின்றன. ‘நான் ஆசிரியை’, ‘நான் விற்பனைப் பிரதிநிதி’ என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அந்தப் பெயருக்குள் என்னென்ன இருக்கிறது என்று நமக்கே தெரியாமல் போய்விடுகிறது. கொட்டிப் பார்க்க வேண்டும். ஆசிரியை என்றால் நாற்பது பேரின் கவனத்தை ஒரே நேரத்தில் பிடித்துவைப்பது, புரியாத விஷயத்தைப் படிப்படியாகப் பிரிப்பது, பெற்றோரிடம் பிடிக்காத செய்தியைப் பக்குவமாகச் சொல்வது, விடைத்தாள் குவியலைக் கெடுவுக்குள் முடிப்பது. இதில் ஒவ்வொன்றையும் தேடுகிற நிறுவனங்கள் உண்டு, வேறு பெயரில். நிறுவனப் பயிற்சியாளர், பாடத்திட்ட எழுத்தாளர், வாடிக்கையாளருக்கு மென்பொருளைப் பழக்கிக் கொடுப்பவர் என்று.

பெயர் விஷயத்தில் இன்னொன்று. சித்தி மகள் வேலைத் தளங்களில் ‘அக்கவுண்டண்ட்’ என்று மட்டும் தேடிக்கொண்டிருந்தாள். வருகிற விளம்பரமெல்லாம் வரித் தாக்கல், இருப்புநிலைக் குறிப்பு என்று அவள் செய்யாததைக் கேட்டன. அவள் செய்த வேலைக்குச் சந்தையில் ‘அக்கவுண்ட்ஸ் பேயபிள்’, ‘இன்வாய்ஸ் பிராசஸிங்’, ‘வெண்டார் ரீகன்சிலியேஷன்’ என்று வேறு பெயர்கள். பதவியை வைத்துத் தேடுவதை நிறுத்திவிட்டுச் செய்யும் காரியத்தை வைத்துத் தேடியதும் வேறொரு பட்டியலே வந்து நின்றது. ஒரு சொல்லை மாற்றியதில் நடந்தது இது.

யோசனைகளைக் கொட்டுவதற்கு வருகிறேன். ஒரு தாளை எடுத்துக்கொண்டு ‘கூப்பிடவே கூப்பிடாத இடங்கள் என்னைக் கவனிக்க என்னென்ன வழி?’ என்று தலைப்பிட்டு, நல்லது கெட்டது பார்க்காமல் முப்பது யோசனையாவது எழுத வேண்டும். முதல் பத்து எல்லாருக்கும் வருவது. அடுத்த பத்தில் எரிச்சல் வரும். கடைசியில்தான் ‘அட’ என்று சொல்லவைக்கும் ஒன்றிரண்டு வரும், சில சமயம் வராது, அதுவும் சரிதான். இதைக் கூட்டம் கூட்டி செய்யாதீர்கள். குடும்பமே உட்கார்ந்து பேசினால் சத்தமாகப் பேசுகிற மாமா சொன்னதுதான் முடிவாகும். கிண்டலுக்குச் சொல்லவில்லை, ஆய்வே இருக்கிறது: 1958இலேயே யேல் பல்கலைக்கழகத்தில் நான்கு பேரைத் தனித்தனியாக யோசிக்கவிட்டுப் பிறகு தொகுத்தபோது, சேர்ந்து உட்கார்ந்து யோசித்த நான்கு பேரைவிட அதிக யோசனைகள் கிடைத்தன. 1987இல் டீல், ஸ்ட்ரூபே என்ற இருவர் இதற்கு முக்கியக் காரணத்தையும் காட்டினார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் தங்கள் முறைக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது, அதற்குள் வந்த யோசனை மறந்துவிடுகிறது. ஆகவே ஆளுக்கொரு தாளில் தனியாக எழுதிவிட்டு அப்புறம் சேர்த்துப் பாருங்கள். ஆஸ்போர்ன் கேட்டிருந்தால் கொஞ்சம் வருத்தப்பட்டிருப்பார்.

யோசனையே வரவில்லை என்றால் கேள்வியைத் தலைகீழாக்கிப் பாருங்கள். ‘எனக்கு வேலை நிச்சயமாகக் கிடைக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?’ என்று கேட்டால் பதில் மளமளவென்று வரும். எல்லாருக்கும் ஒரே சுயவிவரத்தை அனுப்பு. கோப்புக்கு ‘ரெஸ்யூமே ஃபைனல் நியூ 2’ என்று பெயர் வை. விளம்பரத்தில் கட்டாயம் என்று போட்டிருக்கும் உரிமம் இல்லாமலே போடு. இணையப் படிவத்தில் இருக்கும் ‘ஆம், இல்லை’ கேள்விகளை வாசிக்காமல் அழுத்து (பல நிறுவனங்களின் மென்பொருள், அதில் தவறான பதில் வந்தால் மேற்கொண்டு பார்க்காமலே ஒதுக்கிவிடும்படி அமைக்கப்பட்டிருக்கும்). வேலை தேடுவதை யாரிடமும் சொல்லாதே. இப்படி எழுதிக்கொண்டே போனால் பாதியில் சிரிப்பு நின்றுவிடும், ஏனென்றால் அந்தப் பட்டியலில் நாலைந்தை இந்த வாரம்கூடச் செய்திருப்போம்.

யாரிடமும் சொல்லாதே என்றேனே, அதில் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். வேலை தேடுவதைச் சொல்ல வெட்கப்படுகிறவர்கள், சொன்னாலும் மிக நெருங்கியவர்களிடம் மட்டும் சொல்கிறார்கள். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இல் எழுதிய கட்டுரை இதைக் கவிழ்த்துப் போட்டது. பாஸ்டனின் புறநகர் ஒன்றில் அண்மையில் வேலை மாறியவர்களிடம், அதுவும் தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், தகவல் சொன்னவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்ப்போம் என்றவர்கள் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான். பாதிக்கு மேற்பட்டவர்கள் எப்போதாவது பார்ப்போம் என்றார்கள், கால்வாசிக்கும் சற்று அதிகமானவர்கள் அபூர்வமாகத்தான் என்றார்கள். காரணம் யோசித்தால் புரியும், நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரியும், தூரத்துப் பழக்கம்தான் நமக்குத் தெரியாத வட்டத்திலிருந்து செய்தி கொண்டுவரும். லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிக்கும் அதிகமானவர்களை வைத்துச் செய்த பரிசோதனையின் முடிவுகள் 2022இல் வெளிவந்தன, அதிலும் கிட்டத்தட்ட இதுதான், ஒரு சிறு திருத்தத்தோடு: முற்றிலும் அந்நியர் என்று சொல்லுமளவுக்குத் தூரமானவரைவிட, மிதமான தூரத்தில் இருப்பவர்தான் அதிகம் பயன்படுகிறார். பழைய அலுவலகத்தில் வேறு பிரிவில் இருந்தவர், கல்லூரியில் இரண்டு வருடம் மூத்தவர், அந்த மாதிரி.

அவரிடம் என்ன கேட்பது என்பதில்தான் பலர் சொதப்புகிறார்கள். ‘ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க சார்’ என்று கேட்டால் ‘கண்டிப்பா’ என்பார், அதோடு மறந்துபோவார், அவர் மேல் தப்பில்லை, அவர் கையில் வேலை இல்லை, இருப்பது தகவல். பத்து நிமிஷத்தில் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும். சித்தி மகள், முன்பு தன் அலுவலகத்துக்குத் தணிக்கைக்காக வந்துபோன ஒருவருக்கு எழுதினாள். ‘ஒரே பில்லுக்கு இரண்டு தடவை பணம் போவதை இப்போது உங்களுக்குத் தெரிந்த இடங்களில் யார் பார்க்கிறார்கள், மென்பொருளா, ஆளா?’ அதோடு ஒரு மாதிரிக் கோப்பையும் இணைத்தாள். கற்பனையான சப்ளையர்கள், கற்பனையான தொகைகள், நடுவில் அவளே ஒளித்துவைத்த சில இரட்டைப் பதிவுகள், எப்படிப் பிடிப்பது என்று ஒரு பக்கக் குறிப்பு. பழைய நிறுவனத்தின் உண்மையான விவரம் ஒன்றைக்கூட அதில் போடக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருந்தேன், மற்றவர்களுக்கும் அதையே சொல்வேன், அது நேர்மைக் கேடு என்பதோடு, பார்க்கிறவர் ‘நாளைக்கு நம் விவரத்தையும் இப்படித்தான் காட்டுவார்’ என்று நினைப்பார். மென்பொருள் ஒரே எண்ணைப் பிடித்துவிடுகிறது, எண் கொஞ்சம் மாறினால் பல இடங்களில் தவறவிடுகிறது என்று பதில் வந்தது, யாரிடம் பேசலாம் என்று ஒரு பெயரும் வந்தது. உடனே வேலை கிடைத்துவிடவில்லை. அந்தப் பெயர்க்காரர் இல்லை என்றார், அவர் சொன்ன இன்னொருவரும் இல்லை என்றார், மூன்றாவது ஒருவர் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். நேர்காணலில் பாதி நேரம் அந்தக் கோப்பைப் பற்றித்தான் பேச்சாம். ஆங்கிலம் எப்படி இருந்தது என்று கேட்டேன், ‘அதைப் பற்றி யோசிக்கவே நேரமில்லை’ என்றாள்.

மாதிரி வேலையைக் காட்டுவது ஏன் எடுபடுகிறது என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. ஆள் எடுக்கும் முறைகளில் எது பிற்காலச் செயல்திறனைச் சரியாகக் கணிக்கிறது என்று 85 வருட ஆய்வுகளைத் தொகுத்து ஷ்மிட், ஹன்டர் இருவரும் 1998இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வேலையின் ஒரு துண்டைச் செய்யவைத்துப் பார்ப்பது பட்டியலில் மேலே இருந்தது, திட்டமில்லாமல் பேசிப் பார்க்கும் நேர்காணல் அதைவிடக் கீழே. பிறகு வந்த ஆய்வுகள் அந்த எண்களைத் திருத்தியிருக்கின்றன, ஆனாலும் சும்மா பேசிப் பார்ப்பது நம்பகமான முறை என்று யாரும் சொல்வதில்லை. பெரும்பாலான நிறுவனங்கள் அந்தத் துண்டைக் கேட்பதில்லை. கேட்காவிட்டால் என்ன, நாமே கொடுக்கலாமே. ஆனால் ஒரு எச்சரிக்கை: ‘தேர்வு’ என்று சொல்லி நாள்கணக்கில் இலவசமாக வேலை வாங்கிக்கொள்கிற இடங்களும் உண்டு. என்னிடமே ஒரு நிறுவனம் அப்படி முழுத் திட்டமொன்றை எழுதி வாங்கிக்கொண்டு காணாமல் போனது. ஒரு சாயங்காலத்துக்கு மேல் பிடிக்கிற எதற்கும் கூலி கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

படைப்பூக்கம் என்றதும் சுயவிவரத்தைப் பாட்டாகப் பாடி அனுப்புவது, பரிசுப் பெட்டிக்குள் வைத்து அனுப்புவது, பலவண்ண வரைபடங்களாக மாற்றுவது என்று சிலர் கிளம்பிவிடுகிறார்கள். எப்போதாவது ஒன்று பலித்தால் அது செய்தியாகிவிடுகிறது, பலிக்காததை யாரும் எழுதுவதில்லை. மேஜையின் இந்தப் பக்கம் இருந்தபோது அப்படி வந்தவற்றைச் சிரித்துவிட்டு நகர்த்திவைத்திருக்கிறோம், அவ்வளவுதான். பக்கத்தை நெடுக்காக இரண்டு பத்தியாகப் பிரித்து ஐகான் எல்லாம் போட்ட அழகான வடிவத்தை, விண்ணப்பங்களைப் படிக்கும் மென்பொருள் சில சமயம் தாறுமாறாகப் படித்துத் தொலைக்கும் என்பது வேறு. உலகத்திலேயே படைப்பூக்கத்துக்குப் பெயர் போனவர் லியனார்டோ டா வின்சி. அவர் 1482 வாக்கில் மிலான் நகரின் ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்ஃபோர்சாவுக்கு வேலை கேட்டு எழுதிய கடிதத்தின் வரைவு இன்னும் இருக்கிறது. எண் போட்டு வரிசையாகப் பத்து விஷயங்கள். எளிதில் தூக்கிச் செல்லும் பாலங்கள், முற்றுகையின்போது அகழியிலிருந்து நீரை எடுப்பது, பீரங்கிகள், மூடிய போர் வண்டிகள். சமாதான காலத்தில் கட்டடம் கட்டுவேன் என்பது பத்தாவது, சிற்பமும் ஓவியமும் அதற்கும் அடுத்து. ஓவியன் என்று தன்னை அறிமுகப்படுத்தவே இல்லை, போர் பயத்தில் இருக்கும் ஆட்சியாளருக்கு என்ன தேவையோ அதிலிருந்து தொடங்கினார். நடை பார்த்தால் சரக்குப் பட்டியல் மாதிரிதான் இருக்கும். புதுமை எல்லாம் எதை முதலில் வைப்பது என்ற முடிவில் இருக்கிறது.

இதையெல்லாம் சொல்லும்போது ஒரு ஆபத்து இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். ‘கொஞ்சம் வித்தியாசமாக யோசித்திருந்தால் கிடைத்திருக்குமே’ என்று வேலை இல்லாதவர் தலையிலேயே பழியைப் போடுவதற்கு இது வசதியான பேச்சு. எல்லாம் ஒருவர் கையில் இல்லை. 2004இல் வெளியான ஒரு ஆய்வில் பாஸ்டனிலும் சிகாகோவிலும் வந்த விளம்பரங்களுக்கு ஏறக்குறைய 5,000 கற்பனைச் சுயவிவரங்களை அனுப்பினார்கள், வெள்ளையர் பெயர் போலத் தோன்றியவற்றுக்குக் கறுப்பர் பெயர் போலத் தோன்றியவற்றைவிட 50 சதவீதம் அதிக அழைப்பு வந்தது. 2013இல் வெளியான இன்னொன்று, வேலையில்லாமல் இருக்கும் காலம் நீள நீள அழைப்பு குறைகிறது, அதிலும் முதல் 8 மாதங்களில்தான் அந்தச் சரிவு அதிகம் என்று காட்டியது. ஒரு தனிமனிதர் முப்பது யோசனை எழுதி இந்தப் பாகுபாட்டை ஒழித்துவிட முடியாது, அதற்குச் சட்டமும் நிறுவனங்களும் மாற வேண்டும், அதையும் உங்கள் பத்திரிகை எழுத வேண்டும். ஆனால் சுயவிவரத்தில் வேலையில்லாத இடைவெளி உறுத்துகிறது என்று தெரிந்தால் அதற்கேற்ற கேள்வியையாவது கேட்கலாம்: இந்த மாதத் தேதியோடு காகிதத்தில் எழுதக்கூடிய எதை நான் செய்யலாம்? ஒரு சான்றிதழ்ப் படிப்பு, ஒரு சங்கத்தின் கணக்கைப் பார்த்துக்கொடுத்தல், பகுதிநேரப் பணி, எதுவானாலும்.

நேரம் பற்றியும் ஒரு வார்த்தை. மரியெந்தால் என்ற ஆஸ்திரிய ஊரில் ஒரே தொழிற்சாலை மூடி ஊரே வேலை இழந்தபோது மரீ யஹோடாவும் நண்பர்களும் அங்கே போய் ஆராய்ந்து 1933இல் எழுதினார்கள். கை நிறைய நேரம் இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது முன்பைவிடப் பாதியாகக் குறைந்திருந்தது, ஆண்கள் தெருவில் நடக்கும் வேகம்கூடக் குறைந்திருந்தது. நேரம் அதிகமானால் காரியம் அதிகமாகும் என்பது பொய். தேடுகிறவர்கள் நாள் முழுக்கத் தேடாதீர்கள், காலையில் இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டு மூடிவிடுங்கள். தள்ளிவைத்த சிக்கலுக்குக் குளிக்கும்போதோ நடக்கும்போதோ வழி தோன்றுவது எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதற்கும் இடம் வேண்டுமே.

கடைசியாக உங்களிடம் ஒரு கோரிக்கை. அறிவுரைக்கு ஒதுக்கும் அந்த ஓரத்தில் வாரத்துக்கு ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, அதில் இருப்பவர் காலையிலிருந்து சாயங்காலம் வரை உண்மையில் என்னென்ன செய்கிறார், சந்தையில் அந்த வேலைக்கு என்னென்ன பெயர்கள் என்று போடுங்கள். பக்கத்திலேயே, வேலை கிடைத்தவர்கள் அந்தச் செய்தி தங்களுக்கு யார் மூலம், எப்படி வந்தது என்று எழுதட்டும், சாதித்த கதையாக வேண்டாம், நடந்ததை நடந்தபடி. முதல் கடிதத்தை என் சித்தி மகளையே எழுதச் சொல்லிக் கேட்டேன். எழுதுகிறேன், ஆனால் இது மாதக் கடைசி, டபுள் பிடிக்கிற நேரம், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றாள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்